மைனஸ் பிடிக்காத அண்ணாச்சி

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனா யாரு சொல்றதும் வெளங்காது தாயி. ஒருத்தன டீக்கடைக்கு அனுப்பிரு. மிச்சம் இருக்கவன் தன்னால உண்மையச் சொல்லிருவான்" என்று சொல்லிக்கொண்டே குதிரைவாலி அளக்கிறார் செல்லத்துரை அண்ணாச்சி. தீர்த்துவைப்பது பங்காளித் தகராறு அல்ல. எக்ஸ், ஒய் என்ற இரண்டு பேருடைய வழக்கு. கல்லாவுக்குப் பின்னால் கம்பு மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் பிருந்தா வீட்டுக்கணக்கு போடுகிறாள். இன்றைக்கு டீக்கடைக்குப் போகிறவன் ஒய்.

திருச்சுழி பஜாரில் அண்ணாச்சியுடையது தானியக் கடை. எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். வியாபாரம் மந்தமான மாலைகளில் அவரைப் பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. காதில் செருகிய பென்சிலைக் குளிக்கும்போதாவது எடுப்பாரா என்பது சந்தேகம். மழை எப்போது வரும், பஸ் ஏன் லேட்டு, என் கடை இருமல் மருந்தில் என்ன குறை, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். "தெரியல" என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் இந்த ஊரில் கிடையாது.

ஒன்பதாவதைப் பாதியில் விட்டுக் கடைக்கு வந்தவர் அவர். அல்ஜீப்ராவைக் கண்ணால் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு, அதாவது தொண்ணூறில், பிருந்தா கணக்கென்றால் அழுதாள். "எங்க, சத்தமா வாசி, நானும் கேக்கேன்" என்றார். சில நாள் தலையை ஆட்டிக் கேட்டவர், பிறகு தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு எழுத்தை நீக்கிவிட்டு மற்றதன் மதிப்பைக் கண்டுபிடிக்கும் டீக்கடை உபாயம் அப்படிப் பிறந்ததுதான். அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் பிடித்துப்போனது அதிலிருந்துதான், அதை மறுக்க முடியாது. பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுக்கப்போகிறேன் என்று அவள் சொல்ல, அவர் அதை அருப்புக்கோட்டை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

ஆனால் கடைக்கென்று சில சட்டங்கள் உண்டு. படியால் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று எண்ணமாட்டார், "லாபம்" என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. கேட்ட சரக்கு தீர்ந்திருந்தாலும் "இல்லை" என்ற சொல் வாயில் வராது. "நாளைக்கு வரும்" என்பார். விளக்கு வைத்த பிறகு இதெல்லாம் இன்னும் கறார். எண் எதுவும் இல்லாமல் எக்ஸ் தனியாக நின்றால் அதற்கு முன்னால் ஒன்று இருப்பதாகக் கொள்ள வேண்டும் அல்லவா? பிருந்தா ஒருநாள் கரும்பலகை முன்னால் நின்று "லாபம் எக்ஸ்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சரியாத்தான சொல்லிருக்க" என்றார்.

தொல்லை கொடுத்தது லாபம் அல்ல, மைனஸ். விடையில் மைனஸ் வந்தால் அவருக்கு ஆகாது. "மைனஸ்னா நஷ்டம்ல. எங்கயோ குறி மாறிப்போச்சு, பாரு" என்பார். எங்கேயும் மாறியிருக்காது. இருந்தாலும் மைனஸை எடுத்துவிடச் சொல்வார். நான் ஒருமுறை தெருவைத் தாண்டிப் போய், மைனஸிலும் விடை வரலாம் அண்ணாச்சி என்றேன். "நீங்க மாத்திரைய எண்ணுங்க தம்பி" என்றார். பி.யு.சி. படித்த கௌரவத்தோடு திரும்பி வந்தேன்.

அரைப்பரீட்சைத் தாள் கொடுத்த அன்று மாலை பிருந்தா மூட்டைமேல் உட்காரவில்லை. கடைவாசலிலேயே நின்றாள். சில்லறை மாற்றப் போன நானும் அங்கே இருந்தேன்.

"டீச்சர் என்ன சொன்னாக?"

"மைனஸ் வந்த கணக்குலயெல்லாம் மைனஸ அழிச்சு வச்சிருக்கியேன்னு திட்டுனாக. இப்பிடியே போனா கணக்கு குரூப் கெடைக்காதாம். அப்பாட்ட படிக்கிறத நிறுத்துன்னு சொல்லிட்டாக."

அழாமல் சொன்னாள். அதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. விளக்கு வைத்தாயிற்று. பரளச்சியிலிருந்து வந்த பொன்னுத்தாய் சாக்கை விரித்துப் பிடித்திருந்தார். அண்ணாச்சி கையில் படி அப்படியே நின்றது. "கொண்டா தாள" என்றார்.

காதிலிருந்த பென்சிலை எடுத்து, தப்பான கணக்கு ஒன்றைத் தானே போட்டார். இரண்டு எக்ஸும் மூன்று ஒய்யும் சேர்ந்தால் நாலு. எக்ஸிலிருந்து ஒய்யைக் கழித்தால் ஏழு. ஒய்யை டீக்கடைக்கு அனுப்பினார். எக்ஸ் ஐந்து என்று சுத்தமாக வந்தது. ஒய்யைத் திரும்பக் கூப்பிட்டார். அவன் மைனஸ் இரண்டாக வந்து நின்றான்.

"ரெண்டுதான். குறிதான் எங்கயோ..."

"பொருத்திப் பாருங்கப்பா. அஞ்சுல ரெண்டு போனா மூணு. கணக்குல ஏழுல்ல கேக்கான்."

அவர் பார்த்தார். குறி எங்காவது மாறியிருக்கிறதா என்று மேலிருந்து கீழே இன்னொரு தடவை தேடினார். பொன்னுத்தாய், "அண்ணாச்சி, பஸ்ஸு போயிரும்" என்றார். "செத்த இருங்க தாயி."

"மைனஸ் ரெண்டுன்னு வச்சா ஏழு எப்பிடி வரும்?"

"கழிக்கிறதையே கழிச்சா கூடும்ப்பா."

அண்ணாச்சி பென்சில் முனையை அந்த வரியிலேயே வைத்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. "அப்பிடின்னா... போக வேண்டியது போகாம நின்னா நமக்கு மிச்சம். அதான?"

"அதான்ப்பா."

"இத அந்த டீச்சர் இப்பிடிச் சொல்லிருக்கலாம்ல" என்றார். தோற்றதாக அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

தவறான கணக்குகளைத் திருத்தி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்களாம். பிருந்தா நோட்டை விரித்து அந்தக் கணக்கை வரிவரியாக எழுதினாள். ஒய்யின் விடை வர வேண்டிய கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடினாள். "இத மட்டும் வீட்டுல போயி எழுதிக்கிறேன்ப்பா. கடையில வெளக்கு வச்சிருக்கு" என்றாள்.

அப்பாவால் பரீட்சையில் அடிபட்ட பிள்ளை, அப்பாவின் கல்லாவுக்கு முன்னால் ஒரு மைனஸ் விழக்கூடாது என்று பார்க்கிறது.

அண்ணாச்சி அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினார். நோட்டை விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டார். ஒய் போட்டு, சமம் போட்டு, மைனஸ் போட்டு, இரண்டு எழுதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கோடு சிறுசா இருக்கு. டீச்சர் கண்ணுக்குத் தெரியாமப் போயிரப்போகுது" என்று அதன்மேலேயே இன்னொரு தடவை, அழுத்தி, நீளமாக இழுத்தார்.