குறிப்பின் முதல் வரி

லாஸ் பான்யோஸ் நெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பெலென் அல்கராஸிடம் உதவி கேட்டுப் போகிறவர்களுக்கு வணக்கத்துக்குப் பதில் ஒரு கேள்விதான் கிடைக்கும்: "குறிப்பைப் படிச்சீங்களா?"

உலகத்தில் யார் யாரோ பாடுபட்டு எடுத்த நெல் மரபணுத் தரவுகளும், அவற்றை அலசும் கணினிச் செய்முறைகளும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்த மற்ற ஆராய்ச்சியாளர்களுக்குக் கைகொடுப்பது பெலெனின் வேலை. தரவோடு அதைத் தந்தவர்கள் எழுதிய குறிப்பும் இருக்கும். அதைப் படிக்காமல் மாட்டிக்கொள்கிறவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் இளந்தேங்காய் வைத்துச் சுட்ட புக்கோ பை வாங்கித் தர வேண்டும். இது பெலென் போட்ட சட்டம். பதினோரு வருஷத்தில் தான் ஒருமுறைகூட வாங்கியதில்லை என்பதை அவள் யாரையும் மறக்க விட்டதில்லை.

திங்கட்கிழமை, புது நெல் ரகங்களை உருவாக்கும் டாக்டர் எலிசியோ சேற்று பூட்ஸோடு வந்து நின்றார்.

"ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள கெடந்தும் சாகாத நெல்லு பெலென், என் கண்ணால பாத்தேன். உன் கம்ப்யூட்டர் அதுக்கு வெள்ளம் தாங்குற குணமே இல்லங்குது."

"குறிப்பைப் படிச்சீங்களா, டாக்டர்?"

"ஓட்டுனது நீ. படிக்கிறது நானா?"

நாற்றங்காலில் அறுநூறு நாற்றுகள் இருந்தன. வெள்ள வயலுக்கு எவை போக வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரியாவிட்டால் நாற்று முற்றிவிடும்; அவருடைய ஒரு பருவ உழைப்பு வீண்.

பெலென் செய்முறையை மூன்று முறை ஓட்டினாள். அதே பதில். "மரபணு எடுக்க நீங்கதான் வேற நெல்லோட இலைய மாத்தி அனுப்பியிருப்பீங்க" என்று எலிசியோ மேல் பழி போட்டாள். மனுஷன் கேன்டீனில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதன்கிழமை, ஒப்பிட்டுப் பார்க்கத் தரவு தந்த கான் தோ நகரத்துத் துய் என்பவருக்கு மரியாதை குறையாமல் சூடாக ஒரு கடிதம் எழுதினாள்.

மறுநாள் காலை பதில் வந்தது. "அக்கா, எங்கள் குறிப்பின் முதல் வரியைப் பாருங்கள். மரபணு எழுத்துகளை நாங்கள் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியிருக்கிறோம். உங்கள் செய்முறை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. எல்லாமே ஓர் எழுத்து தள்ளிப்போயிருக்கும். இதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று உங்கள் பயிற்சியில்தான் கற்றேன்."

பெலெனுக்குக் காது வரை சூடேறியது. சத்தமில்லாமல் திருத்திவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஆசை அவளுக்கு வராமல் இல்லை. ஆனால் பழி சுமந்துகொண்டு தனியாகச் சாப்பிடுகிற மனுஷனை நினைக்க வெட்கமாக இருந்தது. திருத்தி ஓட்டினாள். தண்ணீரில் சாகாத நெல் பட்டியலில் முதலில் வந்து நின்றது. பட்டியலோடு அந்தக் கடிதத்தையும் அப்படியே எலிசியோவுக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை நடவு முடிந்து அவர் வந்தபோது மேஜையில் பெரிய பெட்டி இருந்தது. மேலே ஒரு சீட்டு. பெட்டியைத் திறக்கப் போன ஒருவரின் கையை எலிசியோ தட்டிவிட்டார்.

"குறிப்பைப் படிக்காம யாரும் கை வைக்கக் கூடாது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "பெலென் படிக்கவில்லை. டாக்டர் இலையை மாற்றவும் இல்லை."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முதல் துண்டை அவள் தட்டில் வைத்தார்.