யாபேஸ் தர்லோ வாசித்த காகிதம்

யார் வீட்டுக்குப் போனாலும் யாபேஸ் தர்லோ முதலில் பார்ப்பது கால்களைத்தான். முகம் அப்புறம். "என்னம்மா, இடது குதிகால் தேஞ்சிருக்கு. மூட்டு வலியா?" என்பார். தோல்பையும் ஊசியுமாக வீடு வீடாய்ப் போய், அங்கேயே சாப்பிட்டுத் தூங்கி, குடும்பம் மொத்தத்துக்கும் காலணி தைத்துக் கொடுப்பது அவர் தொழில். எந்த வீட்டுச் சோளக்கூழ் கெட்டி, எந்த வீட்டில் வெறும் தண்ணீர் என்று அவரைக் கேட்டால் தெரியும். கேட்காமலும் சொல்லுவார்.

இந்த வருஷம் அவர் கையில் கான்ஸ்டபிளின் கறுப்புக் கோலும் சேர்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் யாருக்கும் வேண்டாத வேலை அது. ஊர்க்கூட்டத்துக்கு வராதவன் தலையில் கட்டிவிடுவோம். அன்றைக்கு இவர் கன்றுக்குட்டி விலை பேசப் போயிருந்தார். "கன்னு அமையல, கோலுதான் அமைஞ்சுது" என்று இன்னமும் புலம்புகிறார். அவருக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

வெளியூரிலிருந்து வந்து தங்கும் ஏழைகளிடம் "ஊரைவிட்டுப் போ" என்ற காகிதத்தை வாசிப்பதும் கான்ஸ்டபிள் வேலைதான். வந்து மூன்று மாதத்துக்குள் அதை முழுக்க வாசித்துவிட்டால் அவர்களைப் பக்கத்து ஊர் எல்லையில் கொண்டுபோய் விட்டுவிடலாம். தவறினால் அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். நொடித்துப்போனால் ஊர்தான் சோறு போட வேண்டும். ஜெபத்தில் தாராளமான நாங்கள் இதில் படு கஞ்சர்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மீன் பிடிக்கப் போன கணவனைக் கடல் கொண்டுபோனபின், எப்சிபா இரண்டு பிள்ளைகளோடு அக்டோபரில் இங்கே வந்தாள். ஆற்றங்கரைக் குடிசையில் நூல் நூற்றுப் பிழைக்கிறாள். அவளுக்கான காகிதம் ஐந்து வாரமாகத் தர்லோவின் பையில் கிடந்தது. சபை மூப்பர் ஹாலட் கேட்கும்போதெல்லாம் "பாதையெல்லாம் பனிங்க", "முதுகு பிடிச்சுக்கிச்சுங்க" என்று ஏதாவது சாக்கு. ஜனவரியில் ஒரு சனிக்கிழமையோடு அந்த மூன்று மாதக் கெடு முடிந்தது. அன்று பிற்பகல் மூப்பரே அவரை இழுத்துக்கொண்டு போனார். சாட்சிக்கு நான்.

எப்சிபா வாசலுக்கு வந்தாள். பிள்ளைகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"இந்தப் பனியில இதுகளோட நான் எங்க போவேன் அண்ணே?"

"கொஞ்சம் பொறு தாயி. வாசிக்கணுமில்ல."

அந்த வாசகம் தர்லோவுக்குத் தலைகீழ்ப் பாடம். அன்றைக்கு என்னவோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "ரா... ஜா... வின்... பே... ரால்..."

"யோவ், உனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே, சட்டுனு சொல்லித் தொலை!" என்றார் மூப்பர்.

"சட்டக் காகிதம் மூப்பரே. ஒரு வார்த்தை விட்டாலும் செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பாருங்க, நீங்க பேச்சுக் கொடுத்ததுல எடத்தைத் தவற விட்டுட்டேன். மறுபடி மேலேருந்து வரேன்."

பைன் மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எங்களுக்கு ஞாயிறு ஓய்வுநாள், சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடும். அதற்குமேல் எந்த வேலையும் பாவம். அந்த நேரத்தில் விறகு பிளந்தவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர் இதே மூப்பர்தான்.

"வாசிய்யா! இன்னும் வெளிச்சம் இருக்கு!"

தர்லோ பாதிக் காகிதத்தைத் தாண்டவில்லை. கடைசி வெளிச்சமும் போயிற்று. அவர் நிமிர்ந்தார்.

"பொழுது சாஞ்சிடுச்சு மூப்பரே. மீதியையும் வாசிச்சிரட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாசிச்சிடறேன்."

மூப்பர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். மனிதர் கறார்ப் பேர்வழி, ஆனால் பாவத்துக்குப் பயந்தவர். எனக்கு வந்த சந்தோஷத்தை இருமி மறைத்தேன். எப்சிபா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தர்லோ காகிதத்தை மடித்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய், பிள்ளைகள் பக்கத்தில் ஓய்வுநாள் ஜெபத்துக்கு முழங்காலிட்டார். பிறகு சற்று நகர்ந்து, பக்கத்துத் தரைப்பலகையைக் கையால் துடைத்து மூப்பருக்கு இடம் காட்டினார்.