ஆடித்தபசு அன்று பூட்டிய பிரியாணிக் கடை

போன ஆடியில் சேலை கொள்முதலுக்காகச் சங்கரன்கோவில் போனேன். ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். சைக்கிளில் துண்டு விற்று மேலே வந்தவன். அப்படிப்பட்டவன் ஊரின் நாள் கிழமை விசாரிக்காமல் கிளம்பியிருக்கக் கூடாது. அன்று அங்கே ஆடித்தபசுத் திருவிழா. ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார். விசைத்தறிகளும் ஓடவில்லை.

ராஜபாளையத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் ஒரு மணி நேரம். கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே பதினொரு மணிக்கு இறக்கிவிட்டார்கள். நடந்து நடந்து பசி எடுத்துவிட்டது. கோவில் வீதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பிரியாணிக் கடை திறந்திருந்தது. உள்ளே சாப்பிட ஒருவரும் இல்லை.

"ஏனுங்க பாய், இன்னைக்குக் கறி ஓடுங்களா?"

கல்லாவில் இருந்த மைதீன், கடையநல்லூர்க்காரர், சிரித்தார். "எங்க ஓடும்? எங்க வாப்பா காலத்துலேர்ந்து ஆடித்தபசுக்குக் கடையத் தொறந்ததே கெடையாது."

இந்த வருடம் ஏன் திறந்தார் என்பதையும் அவரே சொன்னார். திருவிழாவுக்குக் கோவிலைச் சுற்றி இறைச்சிக் கடைகளை அடைக்க உத்தரவு போடச் சொல்லிச் சிலர் நகராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள். மதியத்துக்குள் முடிவு தெரியும்.

"நானா அடைச்சா அது மரியாத. அடைன்னு சொன்னா அது தடை. இந்த வருசம் ஒருநாளும்பாக, அடுத்த வருசம் பத்துநாளும்பாக. அதான் அடுப்பப் பத்த வச்சிட்டேன்."

பக்கத்தில் மிளகாய் வத்தல் பையோடு நிழலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த சுப்பையா, கரிவலம்வந்தநல்லூர் விவசாயி, விடவில்லை. "சாமிகூடவே போட்டியா வே?"

"சாமிகூட எனக்கென்ன சண்டை? ஆபீசரச் சாமியாக்காதிய, அம்புட்டுத்தான்."

"நீரு தொறந்து வச்சிருந்தா, பாத்தியளா, இதுக்குத்தான் உத்தரவு கேட்டோம்னு சொல்லுவானுவ."

மைதீன் மாட்டிக்கொண்ட இடம் அதுதான். முப்பது வருட நல்ல பெயரை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்கு நகராட்சி ஊழியர் ஒருவர் பைக்கை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்: "உத்தரவு கெடையாது பாய். ஒங்க இஷ்டம்."

மைதீன் எழுந்தார். அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக் கடையநல்லூருக்கு அனுப்பினார். ஷட்டரை இழுத்தார்.

"என்ன வே, தொறக்கலாம்னு சொன்னப்புறம் அடைக்கீரு?"

"அதான் வே அடைக்கேன்."

சாயங்காலம் சுப்பையாவோடு வீதியில் நின்றேன். ஒரே உடம்பில் பாதி சிவன், பாதி பெருமாளாகச் சங்கரநாராயணர் வந்தார். தவத்தில் நின்ற கோமதி அம்மனுக்குக் காட்சி கொடுத்ததும் நாலா பக்கமும் பருத்தி பறந்தது, வத்தல் பறந்தது, நெல் தலையில் கொட்டியது. சுப்பையா பையோடு கவிழ்த்துவிட்டார். நான் சரக்கின் விலை தெரிந்தவன். இருந்தும் அங்கே கணக்குப் போடத் தோன்றவில்லை, மயிர்க்கூச்செறிந்து நின்றேன். விடுமுறை அரசாங்கம் விட்டது. விளைந்ததை வீசச் சொல்லி எந்த ஆபீசிலும் உத்தரவு போடவில்லை.

நீங்கள் போவதானால் காலை ஒன்பதுக்குள் ஊருக்குள் நுழைந்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வத்தல் எரியும். கொள்முதலுக்கு அடுத்த நாள்தான். மைதீன் கடையை நம்பிப் போகாதீர்கள், பூட்டியிருக்கும். திறந்திருந்தால், சாப்பிட உட்காருமுன் நகராட்சியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.