வண்டிக்குள் புகுந்த காளி

பேரன் புதிதாக மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். போன வாரம் ஓசூரில் ஒரு சிக்னலில் நின்றபோது, பழக்கதோஷம், என் கை டாஷ்போர்டின் மேல் போய் உட்கார்ந்தது. துளி நடுக்கம் இல்லை. வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தேன், தள்ளுவதற்காக. அணைந்துபோன வண்டியில் சும்மா உட்கார்ந்திருப்பது எங்கள் காலத்தில் பெரிய மரியாதைக்குறைவு. பேரன் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான். "ஓடிட்டுதான் இருக்குது தாத்தா, உக்காருங்க." பின்னாலிருந்த லாரிக்காரர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். வாழ்த்தியிருக்க மாட்டார்.

என்னைப் பொறுத்தவரை வண்டி என்றால் நடுங்க வேண்டும். நான் முதன்முதலில் ஓட்டிய வண்டி அப்படி. ஐம்பதுகளில் குருபரப்பள்ளியில் தானிய மண்டி வைத்திருந்த ஒருவரிடம் டிரைவராக இருந்தேன். அவரை எல்லோரும் முதலாளி என்றே கூப்பிட்டதால் அவர் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. சேலத்துக்குத் தெற்கேயிருந்து வந்தவர், கன்னடம் சுத்தமாக வராது. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஒரு பிக்கப்பை எடுத்திருந்தார். ஓடும்போது அதைக் குறை சொல்ல முடியாது. நிறுத்திவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் வினை. பானெட் குதிக்கும், கதவு தாளம் போடும், சீட்டில் இருப்பவர்களின் கன்னம் ஆடும். கொஞ்ச நேரம் இப்படி உதறிவிட்டு இருமி அணைந்துவிடும். நின்ற வண்டியில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய் முதலாளி ஒருநாள் தன் மூக்கில் தடவிக்கொண்டார்.

நான் பார்க்காத வைத்தியம் இல்லை. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். கார்ப்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டை வாயில் வைத்து ஊதியதில் அன்று முழுக்கச் சாப்பாடெல்லாம் பெட்ரோல் மணந்தது. இஞ்சின் மெதுவாக ஓடுவதற்கான திருகாணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி அதன் தலையே மழுங்கிவிட்டது. கடைசியில் ஓசூர் மெக்கானிக் நஞ்சுண்டனிடம் போனேன். அவர் வாய் நிறைய வெற்றிலையோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். "ஒளகடெ காளி ஹோக்தாயிதெ" என்றார். சொல்லிவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்த ஊரில் தேர் என்று பஸ் ஏறிப் போயே போய்விட்டார்.

உள்ளே காற்று போகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். கன்னடத்தில் காற்றுக்குக் காளி என்று பெயர், முதலெழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்ப்புரேட்டரின் அடியில் இடுக்கை அடைக்கும் பேக்கிங் அட்டை தேய்ந்து, அந்த இடுக்கு வழியாக இஞ்சின் வேண்டாத காற்றை உறிஞ்சுகிறது. எனக்கு இவ்வளவு புரிந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் காற்று என்பது வெறும் காற்று மட்டுமா? காய்ச்சலில் பிள்ளை பிதற்றினால் தமிழில் "காத்து பட்டுடுச்சு" என்பார்கள், பேயைத்தான் அப்படிச் சொல்வது. கன்னடத்திலும் அந்தச் சொல்லுக்கு அதே வேலை உண்டு. இதை நான் யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். அஞ்செட்டிக்கு அப்பால் நாட்றாம்பாளையத்தில் திம்மராயன் என்பவரின் மகள், மாதம்மா. சந்தையில் அவளை ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஒரு வியாபாரியின் தராசைப் பிடுங்கித் தானே நிறுத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கட்டாவிட்டால் எவளையும் கட்டுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அது அவளுக்குத் தெரியாது.

எனக்குப் பெரியவர்கள் இல்லாததால் முதலாளியே பெண் கேட்க வந்தார். மலைக்காட்டுப் பாதையில் வண்டியை எங்கும் நிறுத்தாமல் ஓட்டிப் போய் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வண்டி ஆட ஆரம்பித்தது. கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"ஏம்ப்பா, வண்டிக்கு என்னா நோவு?" என்றார் திம்மராயன்.

மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னேன், கன்னடத்தில். மாமனாராகப் போகிறவருக்குக் கன்னடமும் தெரியும், அவரிடம் என் கன்னடத்தைக் காட்ட ஆசை. அவர் முகம் மாறிவிட்டது. "பேய் பூந்த வண்டியிலயா எம்பொண்ணு போவணும்? எழுந்து போங்க."

ஆனால் முதலாளியின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "பேயுன்னு சொல்லாதீங்க. காளிங்க. ஆத்தா எறங்கியிருக்கா. எனக்கு முன்னாலயே சந்தேகம்தான்."

பேயா, ஆத்தாளா? ஊரே கூடிவிட்டது. வேப்பிலையும் சாட்டையும் ஒரு பக்கத்திலிருந்து வந்தன, கற்பூரம் இன்னொரு பக்கத்திலிருந்து. வெறும் காற்று என்று நான் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "அதத்தான் நாங்களும் சொல்றோம்" என்று இரண்டு கட்சியும் என்னை அடக்கின. கடைசியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது என்று முடிவானது. பேயாக இருந்தால் அலறும், ஆத்தாவாக இருந்தால் குளிர்வாள்.

இதற்குள் அணைந்திருந்த வண்டியை மறுபடி கிளப்பச் சொல்லிப் பானெட்டைத் திறந்தார்கள். முதலாளி செம்போடு கார்ப்புரேட்டரின் அடியில் ஊற்றினார். தண்ணீர் அந்த இடுக்கை அடைத்ததும் காற்று நின்றது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, பட்டுப்போல் ஓட ஆரம்பித்தது. திம்மராயன் பம்பருக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் எழுந்து மண்ணைத் தட்டுவதற்குள் தண்ணீர் காய்ந்து மறுபடி ஆட்டம் வந்துவிட்டது. "திரும்ப வந்துட்டா" என்று கும்பல் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அன்றே வெற்றிலை பாக்கு மாற்றினோம். ஆத்தா தேர்ந்தெடுத்த டிரைவருக்குப் பெண் தர யாராவது யோசிப்பார்களா?

கல்யாணத்துக்கு முன்பு நஞ்சுண்டன் தேர் முடிந்து திரும்பினார். முதலாளி வெளியூர் போயிருந்த நேரம். யாரும் கேட்காமலே பழைய அட்டையை வெட்டிப் பேக்கிங் போட்டு நட்டுகளை இறுக்கிவிட்டார். நடுக்கம் அடியோடு போயிற்று. எனக்கு ஒரே பெருமை. கல்யாண அரிசி மூட்டைகளையும் நஞ்சுண்டனையும் ஏற்றிக்கொண்டு நாட்றாம்பாளையம் போனேன்.

திம்மராயன் கற்பூரத் தட்டோடு காத்திருந்தார். வண்டி வாசலில் நின்று சத்தமில்லாமல் ஓடியது. அவர் பானெட்டில் காது வைத்துக் கேட்டார்.

"ஆத்தா எங்கப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் நஞ்சுண்டன் பானெட்டைத் திறந்து காட்டி மார்பைத் தட்டிக்கொண்டார். "காளி நில்லிஸ்பிட்டெ." காற்றை நிறுத்திவிட்டேன் என்று அவர் சொன்னது, ஆத்தாளைக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று போய்ச் சேர்ந்தது. திம்மராயன் தட்டைக் கீழே வைத்தார். "சாமி போன எடத்துக்குப் பொண்ண அனுப்ப மாட்டேன். அரிசிய எடுத்துட்டுப் போ." கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சியிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. நான் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

அப்போது மாதம்மா மெக்கானிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பைக் கொடுத்துவிட்டு, திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: "யாவ நட்டு அண்ணா?" எந்த நட்டு என்று. அவர் குடித்துக்கொண்டே விரலால் காட்டினார். இவள் அவர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை அரைச்சுற்று தளர்த்தினாள், சந்தையில் தராசைப் பிடித்த அதே கையால். பானெட் குதித்தது. கதவு தாளம் போட்டது. திம்மராயன் ஓடிவந்து கற்பூரம் ஏற்றினார். அவள் என்னைப் பார்த்து, "வூட்டுக்குப் போனா இறுக்கிக்கலாம்" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

கல்யாணம் முடிந்து மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு நின்று நின்று வந்தோம். நின்றபோதெல்லாம் வண்டி உதற, இருவர் பல்லும் அடித்துக்கொள்ள, அவள் சிரித்த சிரிப்பை இன்றுவரை யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. அதன்பிறகு மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அஞ்செட்டியில் வண்டியை ஓரங்கட்டி அவள் தளர்த்துவாள். திரும்பும்போது அதே இடத்தில் இறுக்குவாள். மாமனார் கடைசிவரை ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டார்.

அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. நஞ்சுண்டனின் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கம்பெனிப் பஸ்கள் திரும்புகின்றன. மாதம்மா போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது.

சிக்னலிலிருந்து வீடு வந்ததும் பேரனிடம் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே எல்லாம் வழவழவென்று மூடியிருந்தது, ஸ்பேனர் வைக்க ஓர் இடம் இல்லை. "இதுக்குக் காத்து எது வழியாப் போவுது?" என்று கேட்டேன்.

"இதுக்குக் காத்தே வேணாம் தாத்தா" என்றான்.

சரி என்று தலையாட்டிவிட்டு, இதை மாதம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குள் போனேன். சமையல்கட்டு வாசல்வரை போய்விட்டேன்.