எட்டு செகண்டு கருப்பு

எடிட்டரம்மா என்றால்தான் அந்தக் கட்டடத்தில் அவளைத் தெரியும். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. அதுவே வீடு, அதுவே ஆபீஸ். ஒரு மேசை, வீடியோ வெட்டி ஒட்ட இரண்டு திரை, ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி வாங்கலாம் என்று பல வருஷமாக நினைக்கிறாள். வந்து உட்கார ஆள் வேண்டுமே. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை கிறீச் என்று முனகும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும் அப்பா, அவளை விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் விசாரிப்பார்.

"அந்த ஃபேனுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா என்னம்மா?"

"விடுறேன்பா."

நாலு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

அப்பாவுக்கு எழுபது வயது ஆகப்போகிறது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வாழ்த்தைப் போனில் பிடித்து அனுப்ப வேண்டும், அவள் அதையெல்லாம் கோத்துப் படமாக்க வேண்டும், பிறந்த நாளன்று டிவியில் போட்டு அப்பாவை அசத்த வேண்டும் என்பது அண்ணனின் ஏற்பாடு. அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு குரூப்பும் ஆரம்பித்தான். "நீயும் வந்துடு" என்று மட்டும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஊர் தூரம், அவளுக்கு வேலை தலைக்கு மேல், எப்படியும் வர மாட்டாள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். கேட்டிருந்தால் முதல் ஆளாகப் போய் நின்றிருப்பாள். கேட்காதவர்களிடம் போய் அதைச் சொல்லவா முடியும்?

முப்பத்தோரு கிளிப் வந்து சேர்ந்தது. மாமா போனை நிமிர்த்திப் பிடித்திருந்தார், சித்தப்பா படுக்கவைத்துப் பிடித்திருந்தார். சித்தி பேசிய இரண்டு நிமிஷமும் திரையில் பாதி அவள் கட்டைவிரல்தான். எல்லாக் கிளிப்பும் "ஓடுதா?" என்று ஆரம்பித்து, போனை அணைக்க நீளும் கையோடு முடிந்தது. தலையையும் வாலையும் நறுக்கி, நடுவில் இருக்கும் சிரிப்பை மட்டும் எடுத்து டைம்லைனில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாள். "சித்தி, விரலை எடுங்க" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பாக்கி அவளுடைய வாழ்த்து. போனை எதிரே சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். ஊரார் பேச்சையெல்லாம் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவளுக்கு, தன் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அப்பா" என்பாள், அதற்கு மேல் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏழு தடவை எடுத்தாள், ஏழையும் அழித்தாள். எட்டாவது தடவை வாயே திறக்கவில்லை. அந்தப் படத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதில் விழுந்திருந்த அறைச் சத்தத்தை மட்டும் எட்டு செகண்டுக்கு வெட்டினாள். தங்கையின் கிளிப்புக்கு அடுத்து, தன் முறை வரவேண்டிய இடத்தில், கருப்புத் திரைக்கு அடியில் அதை ஒட்டினாள். முதல் அடுக்கலைக் குரூப்பில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். இது யாருடைய இடம் என்று ஒருத்தராவது கேட்பார்கள் என்று நினைத்தாள்.

ஆளாளுக்குத் திருத்தம் வந்தது. "அக்கா, என் மூக்கு பெருசா தெரியுது, முடிஞ்சா சின்னதாக்கு" என்றாள் தங்கை. சித்தி தன் விரலைப் பற்றி மூச்சு விடவில்லை, பாட்டு சேர்க்கச் சொன்னாள். அண்ணன் சுருக்கமாக எழுதியிருந்தான்: "நடுவுல எட்டு செகண்டு கருப்பா வருது. எடுத்துடு."

எடுத்தாள். ஒரே தட்டு. பின்னால் இருந்த கிளிப்பெல்லாம் நகர்ந்து வந்து தங்கையோடு ஒட்டிக்கொண்டன. ஓட்டிப் பார்த்தாள். ஒட்டிய இடமே தெரியவில்லை. அவள் இல்லாமல் படம் அத்தனை கச்சிதமாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கருப்பைப் பழையபடி அதே இடத்தில் வைத்து, மூக்கைச் சின்னதாக்காமலே, படத்தை அனுப்பிவிட்டாள்.

பிறந்த நாளன்று மத்தியானம் அண்ணன் போன் செய்தான்.

"அந்தக் கருப்பை எடுக்கச் சொன்னேன்ல? டிவி போச்சுன்னு நெனச்சு மாமா போட்டு அந்தத் தட்டு தட்டுறாரு. எல்லார் முன்னாடியும் மானம் போச்சு."

அவள் பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது. அப்பா.

"அவன் கெடக்கான். டிவியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சும்மா இருங்க, அது என் பொண்ணோட ரூம்னு நான்தான் சொன்னேன்."

"எப்படிப்பா தெரிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை தவறாம கேக்குற சத்தம், தெரியாதா? நீ ஏம்மா ஒண்ணும் பேசல?"

"என்ன பேசுறதுன்னு தெரியலப்பா."

அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டுச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. இந்தப் பக்கம் மின்விசிறி மட்டும்.

"அந்த ஃபேனு..." என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கே எண்ணெய் விட்டுடுறேன்பா."

"வேணாம்மா," என்றார் அப்பா. "விட்டுடாத."