அப்பா அளந்த துப்பாக்கி

சித்தப்பாவின் பட்டாசு கம்பெனியில் விபத்து நடந்து இரண்டு பெண்கள் இறந்துபோன மாதம் அது. வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

ஒரு மத்தியானம் சித்தப்பா வெம்பக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து, உட்காராமலே கேட்டார். "அண்ணே, துப்பாக்கியக் குடுங்க. காட்டுல பன்னி வந்து வெள்ளாமைய அழிக்குது."

தாத்தா வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி. உரிமம் அப்பா பெயரில். தேர்தலுக்காக போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தது அந்த வாரம்தான் திரும்பியிருந்தது. திருத்தங்கலில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை வைத்திருந்த அப்பா, சித்தப்பாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"அளந்து பாத்துட்டுத் தாரேன். எங்கயாச்சும் விழுந்து நசுங்கியிருந்தா சுடுற ஆளுக்கே ஆபத்து."

பட்டறையில் குழல்களைக் கழற்றி, துணி சுற்றி, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பொருத்தினார். குழலின் உள்விட்டத்தை அளக்கும் நீளத் தண்டுள்ள கேஜைப் பின்பக்கமாக உள்ளே விட்டார். டயலைப் பார்த்துச் சொல்வது என் வேலை. வாய்ப்பக்கம் வந்ததும் முள் சட்டென்று விலகியது. பதறிப்போனேன்.

"அது சோக்கு. ரவை சிதறாமப் போக வாய மட்டும் குறுக்கியிருப்பாக" என்றார் அப்பா.

மற்றபடி, இரண்டு குழல்களிலும் முள் ஆடவே இல்லை. ஆனாலும் அப்பா அளந்த இடத்தையே திரும்பத் திரும்ப அளந்தார்.

"இன்னும் எம்புட்டு நேரம்ணே?" சித்தப்பாவின் குரல் உடைந்திருந்தது. வாசலில் அம்மா செல்போனில் சித்தியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அப்பா கேஜை உருவினார். "ரெண்டு குழலும் நடுவுல வீங்கியிருக்கு. சுட்டா வெடிச்சிரும்."

"இல்லப்பா, முள்ளு..." என்று ஆரம்பித்தேன். அப்பாவின் செருப்புக்கால் என் பாதத்தை அழுத்தியது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

சித்தப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவரோ அப்படியே தரையில் குந்தி, முழங்காலில் முகம் புதைத்து அழுதார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "இங்கனயே இருலே. நான் இருக்கேன்ல."

சித்தி அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். அந்தக் கோடை முழுக்க இருவரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். துப்பாக்கியை அப்பா மறுநாளே ஸ்டேஷனில் திரும்ப ஒப்படைத்தார்.

பொய்யே சொல்லாத அப்பா, நான் சரியாகப் பார்த்துச் சொன்ன அளவை மாற்றிச் சொல்லிவிட்டாரே என்று வெகுநாள் கோபமாக இருந்தேன். அந்த வருஷம் மழையே இல்லை, சித்தப்பாவின் காட்டில் பன்றி அழிக்க ஒரு செடிகூட இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.