பெயர் போடாத பிடி

ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவனுக்கு மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் ஓய்வு உண்டு. ஜெர்மன் பேசுகிற இந்த ஊரில் அதற்கு ‘சிம்மர்ஸ்டுண்டே’ என்று பெயர். என்னோடு வேலை செய்கிறவர்கள் அந்த நேரத்தில் நித்திரை கொள்வார்கள், அல்லது துன் ஏரிக்கரையில் நின்று சிகரெட் பிடிப்பார்கள். நான் போன இலையுதிர்காலம் முழுவதும் வீட்டுக்கு ஓடிப்போய், நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை மகளோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தானாக ஒரு விஷயத்தை எடுத்து, ஆராய்ந்து, நீண்ட கட்டுரை எழுதி, பிறகு ஆசிரியர்களுக்கு முன்னால் நின்று அதைப் பற்றிப் பேசவும் வேண்டும். அது சரிவராவிட்டால் படிப்பு முடியாது. அவளுடைய சிநேகிதி தேனீக்களை எடுத்தாள். அது புத்தியுள்ள பிள்ளை. என் மகள் எடுத்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போன இங்கிலாந்து அணியை. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியாது. பிறகு ஏன் எடுத்தாள் என்றால், காரணம் என் வாய்.

அந்தக் கப்பல்கள் போகிற வழியில் கொழும்பில் நிற்கும். நிற்கிற ஒரு நாளில் ஆட்டக்காரர்கள் கரையிறங்கி உள்ளூர் ஆட்களோடு ஓர் ஆட்டம் ஆடுவார்கள். இது வரலாறு. அப்படி ஓர் ஆட்டத்தில் வெள்ளைக்கார அணிக்கு ஆள் குறைந்தபோது, என் பூட்டனார் அவர்களுக்காக மைதானத்தில் இறங்கி, அடித்த பந்தை ஒரு பிடி பிடித்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. இது நான் கட்டியது.

அவளுக்கு ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தேவாலயப் பதிவேட்டில் ஏழெட்டுத் தலைமுறை இருந்தது. இன்னார் மகன், இன்ன தொழில், இன்ன நாளில் ஞானஸ்நானம் என்று எல்லாம் இருந்தது. எங்களுடைய பத்திரங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது டிரங்குப் பெட்டியோடு போய்விட்டன. என் மகளுக்கு இருந்ததெல்லாம் நான் சொல்வதுதான். பூட்டனார் கொழும்புத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தார் என்பதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளை அழுத முகத்தோடு வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கிளாக்கின் கையில் ஒரு பந்தைக் கொடுத்துவிட்டேன். வருடம் போகப் போக அந்தக் கதைக்குக் கை கால் முளைத்தது. பிடித்தது ஒற்றைக் கையால் என்றேன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார் என்றேன்.

இப்போது அந்தப் புளுகு அவளுடைய கட்டுரையின் முதற் பக்கத்தில் ஜெர்மன் மொழியில் கிடந்தது. பக்கத்தில் ஆசிரியை பென்சிலால் கேட்டிருந்தார்: இதற்கு என்ன ஆதாரம்?

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ஆதாரம் தேடுகிறேன் என்று அவளோடு நானும் உட்கார்ந்தேன். பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தை அவள் வாசிப்பாள். கிரிக்கெட்டை நான் விளங்கப்படுத்துவேன். போகப் போக எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கப்பல் தட்டில் பந்து கடலுக்குள் போகாமல் வலை கட்டி ஆடியிருக்கிறார்கள். வாரக்கணக்காக ஆடுகிற தட்டில் நடந்த கால், கொழும்புத் தரையில் எப்படி நேராக நின்றிருக்கும்? அந்த வெயிலுக்கு என்ன குடித்தார்கள்? மத்தியானம் அவர்களுக்கு யார் சமைத்தது, என்ன சமைத்தது? இதைப் பற்றி ஒரு பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. சமையல்காரன் என்ற முறையில் எனக்குச் சரியான கோபம் வந்தது.

மகளை ஆச்சரியப்படுத்தியது வேறு. விருந்தாளிகள் பதினொரு பேர். அவர்களுக்கு எதிராகக் கொழும்புப் பக்கம் பதினெட்டுப் பேர்.

“அது அநியாயம் எல்லோ, அப்பா?”

“வந்தவை அவ்வளவு கெட்டிக்காரர் பிள்ளை. சமப்படுத்த வேணுமே.”

“பதினெட்டுப் பேரும் தோத்தால் வெக்கமா இருக்காதோ?”

இரவல் ஆளைக் கொழும்புப் பக்கத்திலிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்று, பதினெட்டுப் பெயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். துரைமாரும் பட்டாளத்து அதிகாரிகளும் வியாபாரிகளும்தான். எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. எனக்குள் ஒரு நிம்மதி. கதை தானாகச் செத்துவிடும், நான் வாய் திறக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் சப்பாத்தைக் கழற்ற முன்னரே அவள் கத்தினாள். “அப்பா, இஞ்சை ஓடி வாங்கோ!”

வேறொரு பத்திரிகையில், கொழும்புக்காரர் ஒருவர் ஆட்டமிழந்த விதம் ஒரு வரியில் இருந்தது. பந்து வீசியவருக்குப் பெயர் இருந்தது. பிடித்தவருக்குப் பெயர் இல்லை. அந்த இடத்தில் ‘சப்’ என்று மட்டும் போட்டிருந்தது. அடிபட்டவருக்கோ சுகமில்லாதவருக்கோ பதிலாக மைதானத்தில் நிற்கிறவர் பிடித்தால், ஓட்டப் பட்டியலில் அவருடைய பெயரை எழுதாத வழக்கம் இருந்தது. கப்பலில் வந்தவர்களில் யாருக்கோ அன்றைக்கு முடியவில்லை; யாரோ ஒருவர் அவர்களுக்காக இறங்கிப் பிடித்திருக்கிறார். நான் கட்டிய கதை அச்சடித்த மாதிரி அங்கே இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் துள்ளினோம். அன்று ஹோட்டலுக்குத் திரும்பி உருளைக்கிழங்கு உரிக்கும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

ஒரு கிழமை அதை விழுங்கிக்கொண்டு திரிந்தேன். மகள் அந்த ‘சப்’ வரியை ஆதாரமாகச் சேர்த்த பக்கத்தை ஆசிரியை நல்ல கண்டுபிடிப்பு என்று பாராட்டியிருந்தார். மறுபடியும் செவ்வாய், வெளியே மழை. மகள் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, புதிய கொப்பி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தாள்.

“அப்பா, நீங்கள் சொன்ன கதையள் எல்லாம் உண்மையெண்டு இப்ப விளங்குது. மிச்சத்தையும் சொல்லுங்கோ. எழுதி வைக்கப் போறன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“பிள்ளை, அந்தப் பிடி நான் கட்டின கதை.”

“பகிடி விடாதேங்கோ.”

“பகிடி இல்லை. பூட்டனார் துறைமுகத்திலை கிளாக்கா இருந்தவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கிரிக்கெட் பாத்தவரோ எண்டுகூடத் தெரியாது.”

“அப்ப இந்த ஆள்?”

“ஆரோ ஒரு ஆள். கப்பல்லை வந்த ஆளாயும் இருக்கலாம்.”

அவள் முகம் சிவந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“போன கிழமை நீங்களும் என்னோடை சேர்ந்து துள்ளினனீங்கள்.”

“ஓம். எனக்கும் அது உண்மையா இருக்க வேணும் போலை இருந்தது.”

கணினியைத் திறந்து முதற் பக்கத்தில் பூட்டனாரின் பந்தியை அழித்தாள். பிடித்தவர் யாரென்று தெரியவில்லை என்று ஒரு வரி எழுதினாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

“வேறை என்ன கட்டினனீங்கள்?”

“பள்ளிக்கூட அணியிலை விளையாடினனான் எண்டது. நான் ஓட்டம் எழுதின ஆள். ஒருநாளும் என்னை இறக்கேல்லை.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். இத்தோடு தப்பினேன் என்று தேத்தண்ணியை எடுத்தேன்.

“பெரியப்பா காய்ச்சலிலை செத்தவர் எண்டு சொன்னனீங்கள்.”

அவள் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. என் அண்ணனைப் பற்றி இந்த வீட்டில் அந்த ஒரு வசனத்துக்கு மேல் நான் பேசியதில்லை.

“காய்ச்சல் இல்லை,” என்றேன். “சந்தியிலை வைச்சு ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. பிறகு வரேல்லை.”

“அவருக்கு அப்ப எத்தினை வயசு?”

“பத்தொன்பது.”

அவளுக்கு அடுத்த மாதம் பத்தொன்பது. அவள் கொப்பியை மூடித் தள்ளி வைத்தாள். “சொல்லுங்கோ,” என்றாள்.

ஐந்து மணிக்கு நான் சமையலறையில் நிற்க வேண்டும். தலைமைச் சமையல்காரருக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்குப் பிந்தித்தான் வருவேன் என்று சொன்னேன். பிறகு அண்ணனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவளுக்குச் சொன்னேன். தெரியாத இடங்களில் தெரியாது என்றே சொன்னேன்.